மவுன் வரை வந்த தெய்வானை டீச்சர்

அன்று காலை கீரனூர் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. திரையில் தெய்வானை டீச்சரின் பெயர். எடுத்தவுடன், "இப்பத்தான் ஒங்கள நெனச்சேன் டீச்சர்" என்றேன். மறுமுனையில் பேசியது அவருடைய மகள் கயல்விழி. "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க" என்றாள். "எங்கிட்டுப் போயிட்டாங்க?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இன்னும் கூசுகிறது. ஆனால் தெய்வானை டீச்சர் எங்காவது கிளம்பிப் போய்விடக் கூடியவர்தான். ஓய்வு பெற்ற பிறகும் இரண்டு துணிகளைப் பையில் போட்டுக்கொண்டு, ஏதாவது ஓர் அணையையோ முகத்துவாரத்தையோ பார்த்துவிட்டு வருவார். அந்தப் பிள்ளை அழத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

காலையில் எழுந்து காபி போட்டுக் குடித்திருக்கிறார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாளாகவே நெஞ்சு லேசாக அடைப்பதுபோல் இருக்கிறது என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். டாக்டரிடம் போகவில்லை.

அன்னவாசல் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் சேர்ந்து கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு, நான் எழுதியே ஆகவேண்டும் என்று கயல் சொன்னாள். ஏன் சொன்னாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உங்களில் பலருக்கு என்னைக் கணக்கு டீச்சர் சரோஜாவாகத் தெரியும். நான் வகுப்புக்குள் நுழைந்தால் பெஞ்சு நகரும் சத்தம்கூடக் கேட்காது என்று சொல்வார்கள். அந்தப் பேச்சில் எனக்குப் பெருமை இருந்தது. இதுவும் இங்கே தேவைப்படும் செய்திதான்.

தெய்வானை டீச்சர் குடுமியான்மலையிலிருந்து வருவார், நான் கீரனூரிலிருந்து. அவர் புவியியல். இருபது வருடங்களுக்கு மேல் ஆசிரியர் அறையில் எங்கள் இரண்டு பேருடைய மேசைகளும் ஒட்டியே கிடந்தன. ஆறுகள் பாடம் வந்தால், பாடப் புத்தகத்தில் உள்ளதையெல்லாம் முடித்துவிட்டு, கடைசியாகப் புத்தகத்தில் இல்லாத ஓர் ஆற்றைக் கரும்பலகையில் வரைவார். அங்கோலா மலையில் தொடங்குகிற ஆறு. வரும், வரும், கடலுக்கு வராது. போட்சுவானா நாட்டில் பாலைமணலுக்கு நடுவே விரல்களை விரித்த கை மாதிரி பரவி, அங்கேயே முடிந்துபோகும். ஒக்கவாங்கோ என்று பெயரை எழுதிப் பிள்ளைகளைச் சத்தமாகச் சொல்லச் சொல்வார். அடுத்த வகுப்பிலிருந்த எனக்கு அந்தக் கூச்சல் கேட்கும்.

ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி பின்பெஞ்சில் உட்கார்ந்து இதைப் பார்த்துவிட்டார். "இது பாடத்திட்டத்துல எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாராம். "பாடத்துல இல்லைங்க சார், பூமியில இருக்கு" என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். திமிராகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்குத் திசை காட்டும் குரலில்தான் சொன்னார் என்று அன்று வகுப்பில் இருந்த பிள்ளைகள் சொன்னார்கள். அதிகாரி எழுந்து போகும்போது அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டுக்கொண்டு போனாராம்.

எங்களில் யாருக்கும் அந்த ஆறு ஒரு பொருட்டில்லை. எனக்கும் இல்லை. என் தம்பி சேகருக்கு மவுன் என்ற ஊரில் வேலை கிடைத்தபோதுதான் அது பேச்சுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் துபாய், சிங்கப்பூர் என்று போவார்கள். அவன் மட்டும் ஆப்பிரிக்காவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் சேர்ந்தான். "மவுனமா? ஊரு பேரே அப்புடியா?" என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். தெய்வானை டீச்சர் சிரிக்கவில்லை. கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு, "மவுனா? சரோசா டீச்சர், அது அந்தத் தண்ணிக்கு வாசலுங்க. அங்கேர்ந்துதான் உள்ள போவாங்க. நெசமாவே ஒங்க தம்பி அங்கயா இருக்காரு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு சேகர் போன் பண்ணும்போதெல்லாம் அவனிடம் கேட்க அவருக்கு ஒரு கேள்வி இருக்கும். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா, எந்த மாதம் வரும், எவ்வளவு நாள் நிற்கும்.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பின் சேகர் என்னை வந்துவிட்டுப் போகச் சொன்னான். தனியாக எப்படிப் போவது என்று தயங்கினேன். டீச்சரிடம் சொன்னேன். அவர் சாயங்காலம் போன் செய்து, "நானும் வாரேன். ஒங்களுக்குத் தொணைக்குன்னு வீட்டுல சொல்லிட்டேன்" என்றார். எனக்குத் துணை என்பது ஒரு சாக்கு என்று எனக்கும் தெரியும், அவர் வீட்டுக்காரருக்கும் தெரியும். அவர் அப்போது உயிரோடு இருந்தார். "போய்ட்டு வரட்டும், எத்தன வருசமா அந்தப் பேரச் சொல்லிக்கிட்டுக் கெடக்கு" என்றாராம்.

திருச்சியில் விமானம் ஏறியதிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போய் மாறி மவுனில் இறங்கும் வரைக்கும் நான் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டே இருந்தேன். தூங்குகிறேன் என்று டீச்சர் நினைத்ததாக நினைத்துக்கொண்டேன். அவர் சன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

மவுன் ஊரைப் பார்த்தவுடன் எனக்கு ஏமாற்றம். காடும் சிங்கமும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது புழுதி. சாலை முழுக்கக் கழுதைகள். வெள்ளாடுகள் கடை வாசல்களில் படுத்துக் கிடந்தன. முள்மரமும் மணலும், தார்ச்சாலையைத் தாண்டினால் வேலி கட்டிய குடிசை வீடுகளும். நம் அன்னவாசல் சந்தை நாள் மாதிரியே இருந்தது. மாட்டுக் கொம்பைப் போல இரண்டு பக்கமும் நீண்ட துணித்தொப்பியும் தரையைத் தொடும் பாவாடையுமாகச் சில பெண்கள் போனார்கள். அவர்களைப் பார்த்தபோதுதான் வேறு நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்று பட்டது. ஆனால் நிமிர்ந்தால் வானத்தில் எப்போதும் ஒரு குட்டி விமானம் இருந்தது. ஊருக்கு வடக்கே பரவிக் கிடக்கும் சதுப்புக்குள் சாலை போவதில்லை. பார்க்க வருகிறவர்களை நாலைந்து பேராக ஏற்றிக்கொண்டு போய் நடுவிலுள்ள தங்குமிடங்களில் இறக்கிவிடும் விமானங்கள் அவை.

"அன்னவாசல்லேர்ந்து கெளம்பி இன்னொரு வாசலுக்கு வந்து சேந்துட்டோம்" என்றார் டீச்சர். ஜூலை மாதம் அங்கே குளிர்காலம். சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் தலையில் மப்ளருமாக நின்றுகொண்டு அப்படிச் சொன்னார்.

சேகர் தன் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு தங்குமிட மேலாளரிடம் சொல்லி, எங்கள் இருவருக்கும் இரண்டு நாள் உள்ளே போய்த் தங்க இடம் வாங்கியிருந்தான். மரத்தைக் குடைந்தது போன்ற நீளமான படகில் உட்காரவைத்துக் கழியால் தள்ளிக்கொண்டு போவார்களாம். நாணலுக்கு நடுவே தண்ணீருக்குள் மான்கள் ஓடுமாம். டீச்சர் முதல் நாளே பையைக் கட்டிவிட்டார். சின்ன விமானத்தில் கனமான பெட்டி ஏற்றமாட்டார்கள் என்பதால், எதை எடுப்பது எதை விடுவது என்று மூன்று தடவை பிரித்துப் பிரித்து அடுக்கினார்.

மறுநாள் காலை விமான நிலையம். பையை எடை போட்டார்கள். எங்களையும் எடை போட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் எங்கள் விமானம் நின்றது. ஓர் அம்பாசிடர் காருக்கு இறக்கை வைத்தது மாதிரி. ஓட்டப்போகும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையால் இறக்கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிடித்து ஆட்டியதில் மொத்த விமானமும் ஆடியது.

என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. இதில் ஏறமாட்டேன் என்று உடம்பு முடிவு செய்துவிட்டது. "டீச்சர், எனக்குப் பயமா இருக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். அவர் போயிருப்பார். ஆனால் கணக்கு டீச்சர் சரோஜா எதற்கும் பயப்படாதவள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "நெஞ்சு வலிக்கிது" என்றேன்.

இது பொய். இதுவரை யாரிடமும் எழுத்தில் சொல்லாத பொய்.

தெய்வானை டீச்சர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அங்கிருந்த ஆளிடம் போய்த் தன் பையைத் திரும்ப வாங்கினார். என் பையையும் வாங்கினார். அந்த விமானி உள்ளே வந்து நேரமாகிறது என்றாள். அவளிடம் டீச்சர், "யூ கோ, மை சிஸ்டர் இஸ் நாட் வெல்" என்றார். சேகர் காரைத் திருப்பிக்கொண்டு வந்தான். நாங்கள் கார் ஏறும்போது தலைக்கு மேல் அந்த விமானம் போனது. நான் பார்க்கவில்லை. டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

மருத்துவமனையில் மார்பில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். அந்த டாக்டர் வயதானவர், நிதானமானவர். தாளைப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "எதையாவது கண்டு பயந்தீர்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். டீச்சர் என் பக்கத்தில்தான் நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. பிளாஸ்க்கிலிருந்து வெந்நீரை மூடியில் ஊற்றி, சூடு ஆறட்டும் என்று கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கும் மறுநாளும் நான் படுத்துக் கிடந்தேன். பொய் சொன்னவள் அதற்கு ஏற்றபடி படுத்துத்தானே ஆகவேண்டும். சேகரின் குடும்பம் இங்கே நம் ஊரில் இருந்தது. அவன் கடைக்குப் போய்விடுவான். டீச்சர் அந்த வீட்டு அடுப்பில் ரசம் வைத்தார், கஞ்சி வைத்தார். என் தலைமாட்டில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த தைலத்தை நெஞ்சில் தடவினார்.

மதியம் சாப்பிட வந்த சேகர், "வேற தேதி கேட்டுப் பாத்தேன் டீச்சர். நீங்க திரும்புற நாளு வரைக்கும் எல்லாம் நெறஞ்சுருச்சாம். காருல ஒரு எடம் வரைக்கும் போயி, அங்கேர்ந்து படகுல கொஞ்சத் தூரம் போகலாம். காலையில போனா சாயங்காலம் வந்துரலாம். நீங்க மட்டும் போறீங்களா, ஆளு ஏற்பாடு பண்றேன்" என்றான்.

அறைக்குள் எனக்கு எல்லாம் கேட்டது.

"அக்காவ யாரு பாக்குறது?" என்றார் டீச்சர்.

"பக்கத்து வீட்டு அம்மாவ இருக்கச் சொல்றேன்."

"வேணாம் தம்பி. பாஷ தெரியாத எடத்துல ஒத்தையில படுத்துருந்தா மனசு என்னத்துக்காகும். பரவால்ல, விடுங்க."

நீங்க போயிட்டு வாங்க. மூன்று சொற்கள். அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்திருந்தால் போதும். நான் கொடுக்கவில்லை. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். பயம் அப்போது தீர்ந்துபோயிருந்தது, படகில் போக அவருக்கு என் துணையும் தேவையில்லை. பிறகு ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால், அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, முகமெல்லாம் மலர அதை என்னிடம் விவரிப்பார். நான் படுக்கையில் கிடந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். எழுதும்போது கை நிற்கிறது, ஆனாலும் காரணம் அதுதான்.

பக்கத்து வீட்டு அம்மாவை எல்லாரும் 'ம்மா நியோ' என்று கூப்பிட்டார்கள். நியோ அவருடைய மூத்த மகளின் பெயர். அங்கேயும் பெண்களை இன்னார் அம்மா என்று பிள்ளை பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். சாலையோரம் கூரைக்குக் கீழே எண்ணெய்ச் சட்டி வைத்து, நம் போண்டா மாதிரி ஒன்று சுட்டு விற்பார். முதல் நாளே டீச்சர் அவரிடம் போய் நின்று, "ஐ ஆம் கயல் அம்மா" என்று அறிமுகம் செய்துகொண்டார். அன்றிலிருந்து அவர் இவரை 'ம்மா கயல்' என்றார். இருவருக்கும் சேர்த்து ஐம்பது ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அதிகம். அதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசினார்கள். அந்த ஊரில் மழைக்கும் பூலா என்றுதான் பெயர், பணத்துக்கும் பூலா என்றுதான் பெயர் என்று டீச்சர் ஓடிவந்து என்னிடம் சொன்னார். "அந்த ரெண்டும் ஒண்ணுன்னு கண்டுபிடிச்ச சனங்க, சும்மாவா" என்றார்.

சேகரின் வீட்டுக்குப் பின்னால் ஐந்து நிமிட நடையில் ஊர் ஆறு. ஆறு என்றாலும் அப்போது வெறும் மணல்தான், நடுவில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. எங்கேயோ மலையில் சனவரியில் பெய்த மழை, சதுப்பு முழுக்கப் பரவி, மெல்ல மெல்ல வடிந்து, ஒரு பொட்டு மழைகூட இல்லாத ஜூலையில் இந்த ஊருக்கு வந்து சேரும். சில வருடங்களில் அதுவும் வந்து சேராது. இதை டீச்சர் எங்களுக்குப் பல வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ம்மா நியோ சட்டியை இறக்கி வைத்துவிட்டு வேகமாக வந்தார். தண்ணீர் ஆற்றின் மேல்பக்கத்துப் பாலத்தைத் தாண்டிவிட்டதாம், இன்னும் கொஞ்ச நேரத்தில் இங்கே வந்துவிடும் என்று கையைக் காட்டிச் சொன்னார். டீச்சர் என் அறை வாசலில் வந்து நின்றார். கேட்கவில்லை, நின்றார், அவ்வளவுதான். நான் எழுந்து உட்கார்ந்து, "மெதுவா நடந்தா வந்துருவேன்" என்றேன். அந்த ஒன்றையாவது சொன்னேன்.

கரையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். ஊரில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். டீச்சர் செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டு, ம்மா நியோவோடு ஆற்றுக்குள் இறங்கி நடு மணலில் நின்றார். முதலில் பறவைகள்தான் தெரிந்தன. கரிய நாரைகள் வரிசையாக நடந்து வந்தன. "நத்தகுத்தி டீச்சர், நம்ம கண்மாயில வருமே அதுதான், இங்க கருப்பா இருக்கு" என்று அங்கிருந்தே எனக்குக் கத்திச் சொன்னார். அவற்றுக்குப் பின்னால் தண்ணீர் வந்தது. வெள்ளம் மாதிரி பாய்ந்து வரவில்லை. நுரையும் சருகும் பூச்சியும் தள்ளிக்கொண்டு, குழியைக் கண்டால் நின்று நிரப்பிவிட்டு, மாட்டு வண்டியைவிட மெதுவாக வந்தது. மணல் அதைக் குடிக்கும் சத்தம் கரையில் இருந்த எனக்கே கேட்டது.

டீச்சரின் காலை அது தொட்டபோது ம்மா நியோ நாக்கைச் சுழற்றிக் குரல் எழுப்பினார். குலவை. நம் ஊர்க் குலவையேதான். டீச்சர் ஒரு கணம் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நடவு வயலில் நிற்பவர் மாதிரி வாயில் கை வைத்து அவரும் குலவையிட்டார். அன்னவாசல் பள்ளியில் ஒருநாளும் குரலை உயர்த்தாத தெய்வானை டீச்சர். கரையில் நின்ற பெண்கள் எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு கரையிலும் குலவைச் சத்தம்.

நான் என்னை மறந்து எழுந்து நின்றுவிட்டேன். முழங்கால் வரைக்கும் நனைந்த சேலையோடு கரையேறி வந்தவர், என்னைப் பார்த்து, "ஒக்காருங்க டீச்சர், நெஞ்சு வலிக்கப் போவுது" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. தண்ணீரைப் பார்த்த சிரிப்பு என்றுதான் அன்று நினைத்தேன்.

நாங்கள் ஊர் திரும்பும் வரைக்கும் தினமும் அந்தக் கரைக்குப் போய் உட்கார்ந்தார். தண்ணீர் கூடிக்கொண்டே வந்தது. அது எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தை மட்டும் பார்க்கவில்லை. திரும்பும் நாளில் பெரிய விமானத்தின் சன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வடக்கே பார்த்தபடி இருந்தார். விமானம் தெற்கே திரும்பிவிட்டது. "பச்சையா ஒரு கோடு தெரிஞ்சுச்சு. அதாத்தான் இருக்கணும்" என்றார்.

அதன் பிறகு எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. ஒருமுறை புதுக்கோட்டையில் ஒரு கல்யாணம் முடிந்து, பஸ் நிலையத்தில் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. "இன்னொருக்கா மவுனுக்குப் போவமா டீச்சர்? தம்பி அங்கதான இருக்காரு" என்று கேட்டார். "டீச்சர், அன்னைக்கு ஏர்போட்டுல..." என்று தொடங்கினேன். "ஒங்க பஸ்ஸு வந்துருச்சு பாருங்க, ஏறுங்க, சீட்டு போயிரும்" என்றார். நான் ஏறிவிட்டேன். அவர் பேச்சை வெட்டினாரா, உண்மையில் பஸ்ஸுக்காகத்தான் சொன்னாரா என்று அப்போது யோசித்தேன். ஆனால் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. இன்னொரு முறை போகும் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. நானாவது எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

குடுமியான்மலையில் அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நம் பள்ளியில் எழுத்தராக இருந்த ராமையா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் இருந்தவர்களிடம் டீச்சரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "தைரியமான பொம்பள. ஆனா பாருங்க, ஆப்பிரிக்கா வரைக்கும் போயிட்டு, சின்ன பிளேனப் பாத்ததும் கையும் காலும் ஒதறிருச்சாம். ஏற மாட்டேன்னு திரும்பி வந்துட்டாங்களாம். அவங்களே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. ஆப்பிரிக்காவுல என்ன பாத்தீங்கன்னா, கழுதையப் பாத்தேன்னுவாங்க."

அங்கிருந்த இன்னும் இரண்டு பேரும் அந்தக் கதையைக் கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த கதையாக இருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியாது. நான் இருக்கும் இடத்தில் அவர் அதைச் சொன்னதே இல்லை.

என் நெஞ்சு வலியைப் பற்றி அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது என்னிடம் விசாரித்திருப்பார்கள், நானும் மேலும் மேலும் பொய் சொல்லியிருப்பேன். அதற்குப் பதிலாக அவர் சொன்னது பயம் என்று. சின்ன விமானத்தைப் பார்த்த பயம் என்று. என் உள்ளங்கை வியர்த்தது எதனாலோ, சரியாக அதையே. அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த டாக்டர் கேட்டபோது தெரிந்திருக்கலாம். நான் கண்ணை மூடிக்கொண்டே பறந்த முதல் விமானத்திலேயேகூடத் தெரிந்திருக்கலாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு கயல்விழியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆமா பெரியம்மா, எங்கிட்டயும் அப்புடித்தான் சொன்னாங்க. நா திட்டுனேன். வாழ்க்க பூரா அதயே சொல்லிட்டு, கிட்ட வரைக்கும் போயி பயந்துட்டு வந்துருக்கியேம்மான்னு. ஒண்ணும் பேசல, சிரிச்சாங்க" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். விமான நிலையம், நாற்காலி, படுக்கை, அறைக்குள்ளிருந்து சொல்லாத அந்த மூன்று சொற்கள். அவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும், "அம்மா இருக்கையில சொல்லிருக்கலாம்ல பெரியம்மா" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாள். முகம் கழுவியிருந்தாள். "அம்மாவப் பத்தி மலர் போடுறாங்கள்ல. அதுல எழுதுங்க. எல்லாரும் அவங்கள பயந்தாங்கொள்ளின்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க" என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். ராமையா, நீங்களும் மற்றவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். தெய்வானை டீச்சர் பயப்படவில்லை. பையை நிறுக்கக் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பக்கத்தில் முதல் ஆளாக நின்றவர் அவர். பயந்தது நான். தன் வாழ்நாளில் பார்க்க விரும்பிய ஓர் இடத்துக்கு முன்னால், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், எனக்காக அவர் நின்றுவிட்டார். திரும்பி வந்து அந்தப் பயத்துக்கும் தன் பெயரையே போட்டுக்கொண்டார்.

அவருடைய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லி கயல் கேட்டாள். நான் எதையும் எடுக்கவில்லை. மவுனில் படுத்துக் கிடந்த அந்த இரண்டு நாளும், வலி இல்லை என்று தெரிந்துகொண்டே, என் நெஞ்சில் தைலம் தடவிக்கொண்டிருந்தாரே, அந்தக் கையின் சூடு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன்.